அப்பாவுக்கு முன்பே தெரிந்த கிறிஸ்மஸ்

டிசம்பர் இருபத்தைந்து இயேசு பிறந்த நாள்தான் என்பதற்கு விவிலியத்தில் ஆதாரம் இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது எனக்கு இருபத்தோரு வயது. சிதம்பரத்தில், பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வரலாறு படிக்கிற பெண்ணுக்கு அது அவ்வளவு பெரிய இடியாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பண்டிகையைச் சுற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை எல்லாம் நம்பி, நான் என் அக்காவின் வாழ்க்கையில் கை வைத்திருந்தேன். அதனால் அன்றைக்கு அந்தப் புத்தகத்தை மூட முடியாமலும் மேலே படிக்க முடியாமலும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு கடலூரில். அப்பா ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாதா கோயில் பங்குப் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் எடுப்பார். கோயிலில் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது. புதிதாக மாற்றலாகி வரும் சாமியார்கள்கூட முதல் வாரமே அவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். 2004 கிறிஸ்மஸுக்கு மறுநாள் கடல் உள்ளே வந்தபோது அவருடைய பள்ளிக்கூடம்தான் முகாம். மூன்று வாரம் அங்கேயே கிடந்தார். யார் என்ன ஆள் என்று பார்க்காமல் எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவிலிருந்து வந்த சோற்றைச் சாப்பிட்டார். அந்த நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அப்பா மாதிரி ஒருவர் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

டிசம்பர் பிறந்தால் வீட்டில் கிறிஸ்மஸ் குடில் வேலை ஆரம்பமாகிவிடும். கேழ்வரகைத் தட்டில் முளைக்கப் போட்டுப் பச்சைப் பசேலென்று புல்வெளி தயார் செய்வது என் வேலை. சாக்கில் களிமண் பூசி மலை செய்வது அப்பாவின் வேலை. சவுக்குக் கிளையைக் கொண்டுவந்து மரமாக நடுவது, மூங்கில் பட்டையை வளைத்து நட்சத்திரம் கட்டுவது எல்லாம் அக்காவோடது. வேலை நடக்கும்போதே அப்பா கேள்வி கேட்பார். மாடும் கழுதையும் ஏன் குடிலில் நிற்கின்றன? குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் ஏன் மூன்று பேர்? நாங்கள் பதில் சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அந்த விளக்கங்களை அப்படியே ஒப்பித்து விவிலிய வினாடி வினாவில் நான் நான்கு வருடம் தொடர்ந்து பரிசு வாங்கினேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கணக்கு படித்தவள். பி.எட். படிக்கக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வந்தாள். அங்கே உடன் படித்த ஒருவரை அவளுக்குப் பிடித்துப்போனது. அவரும் கணக்குதான். சிதம்பரத்தை ஒட்டிய ஊர். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அக்கா எதையும் மறைக்கவில்லை. 2006-ல் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பாவிடம் நேராகச் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. "அவுங்க வீட்ல பெரியவங்க இருந்தா வந்து பேசச் சொல்லு" என்றார். எனக்கு அவர் மேல் இன்னும் பெருமை கூடிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவுக்குப் பிடித்தவருடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கடையிலிருந்து பேப்பர் கப் வாங்கிவரச் சொன்னாள். வீட்டில் டம்ளர் இருக்கும்போது எதற்கு என்று நான் கேட்கவில்லை. வந்தவர்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்தக் கப்பில் காபி குடித்தார்கள். அந்த அம்மா மெதுவாகத்தான் பேசினார்.

"கல்யாணம் உங்க கோயில்லயே வெச்சுக்குங்க சார், எங்களுக்கு ஒண்ணும் இல்ல. பையன் உங்க மதத்துக்கு வர்றதுன்னாலும் சரிதான். தலைப்பொங்கலுக்கு மட்டும் மருமவ எங்க வாசல்ல பானை வைக்கணும். எனக்கு அது ஒண்ணுதான் ஆசை."

"பானை வெச்சு?" என்றார் அப்பா.

"பொங்குனதும் சூரியனுக்குப் படைச்சுக் கும்புடுறதுதான். வேற இன்னா?"

அப்பா கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். வகுப்பில் பேசுகிற குரல் அவருக்கு வந்துவிட்டது. "சூரியன் ஆண்டவர் படைச்ச பொருள்மா. எம்பொண்ணு படைச்சவரத்தான் கும்புடுவா, படைச்ச பொருளக் கும்புட மாட்டா. இதுல விட்டுக்குடுக்க என்னால முடியாது. மன்னிச்சுக்குங்க."

அவர்கள் அதிகம் பேசாமல் எழுந்து போனார்கள். கொண்டுவந்த பழத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று அப்பா சொன்னது மட்டும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மற்றபடி எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டார்! தைப் பொங்கலன்று எங்கள் கோயில் வளாகத்திலேயே பானை வைப்பார்கள், சிலுவைக்கு முன்னால் அப்பாவே நின்று துடுப்புப் போட்டுக் கிளறுவார் என்பதெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அக்காவுக்கு வந்திருக்கும். அவள் அன்றிரவு சாப்பிடவில்லை.

நவம்பரில் ஒரு நாள் அக்கா என்னைச் சில்வர் பீச்சுக்கு அழைத்துக்கொண்டு போனாள். சிதம்பரத்தில் பதிவுத் திருமணத்துக்கு ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது என்றாள். வருகிற புதன்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். "உன்கிட்ட மட்டுந்தான்டி சொல்றேன். அம்மாவ நீ கொஞ்சம் பார்த்துக்க. நான் போனப்புறம் அழும்."

நான் சரி என்று தலையாட்டினேன். மூன்று நாள் தூங்கவில்லை. அக்கா ஒரு பானைக்கு முன்னால் சூரியனைப் பார்த்துக் கைகூப்பி நிற்பது போலவே வந்துகொண்டிருந்தது. அவளுடைய ஆன்மாவைக் காப்பாற்றும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருப்பதாக நான் நிஜமாகவே நம்பினேன். பதினெட்டு வயதில் அப்படி நம்ப முடியும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பாவின் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, என் தலையில் கை வைத்து நெற்றியில் சிலுவை போட்டார். "நல்லது பண்ணுன பாப்பா. நீ சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

மறுநாள் விடிவதற்குள் அக்காவின் சான்றிதழ்கள் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டன. அவளைப் புதுச்சேரியில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. அம்மா ஒரு முறை மயக்கம் போட்டு விழுந்தாள், அது போதுமானதாக இருந்தது. பிப்ரவரியில் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தபால் நிலையத்தில் வேலை. நல்லவர்தான். அதிகம் பேசமாட்டார். அக்காவும் அதிகம் பேசுவதை விட்டுவிட்டாள்.

2009-ல் நான் எம்.ஏ. படிக்கச் சிதம்பரம் போனேன். பாதையை அகலமாக்குவதற்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள். வாரக் கடைசியில் பஸ்ஸில்தான் கடலூர் வருவேன். எங்கள் பேராசிரியை லால்பேட்டைக்காரர். பண்டிகைகளின் வரலாறு என்று ஒரு கருத்தரங்கு வைத்து ஆளுக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார். எனக்குக் கிறிஸ்மஸ். "உங்க வீட்டு விஷயம்தானம்மா, உனக்கு ஈஸியா இருக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நூலகத்துக்குப் போனேன்.

முதலில் விவிலியத்தை எடுத்துத் தேதியைத் தேடினேன். இல்லை. மாதம்கூட இல்லை. ஞானிகள் வந்தார்கள் என்று இருந்தது. மூன்று பேர் என்று இல்லை. மூன்று காணிக்கைகளை வைத்துப் பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்கு அது. மாடும் கழுதையும் பிறப்புக் கதையில் எங்கேயும் இல்லை. பழைய ஏற்பாட்டில் வேறொரு இடத்திலிருந்து அவற்றை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் எத்தனை முறை மேடையேறி இதற்கெல்லாம் பதில் சொல்லியிருப்பேன்!

பிறகு தடிமனான புத்தகங்களுக்குப் போனேன். முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் பிறந்தநாள் விழாவே கொண்டாடவில்லை. சிலர் அதை அரசர்களின் ஆடம்பரம் என்று கேலி செய்திருக்கிறார்கள். டிசம்பர் இருபத்தைந்து என்ற தேதி நான்காம் நூற்றாண்டு ரோமாபுரிக் குறிப்பு ஒன்றில்தான் தெளிவாக வருகிறது. அதே காலத்தில் அதே நாள் ரோமையர்களுக்கு வெல்ல முடியாத சூரியனின் பிறந்தநாள். அதற்குச் சில நாள் முன்னால் அவர்களுக்கு வேறொரு திருவிழா இருந்தது. வீடுகளுக்குப் பச்சைத் தழை கட்டுவார்கள், மெழுகுத்திரிகளும் சின்னப் பொம்மைகளும் பரிசாகக் கொடுத்துக்கொள்வார்கள். சூரியன் விழாவின் மேல்தான் இயேசுவின் விழாவை வைத்தார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, மரியாள் கருவுற்றது மார்ச் இருபத்தைந்து என்று கொண்டு ஒன்பது மாதம் எண்ணி வந்த தேதி அது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் வலுவான வாதங்கள் இருந்தன.

எந்தக் கட்சி சரி என்பது எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை. ஒரு பத்தியில் என் கண் நின்றுவிட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமில் ஒரு போப்பாண்டவர் கிறிஸ்மஸ் பிரசங்கத்தில் மக்களைக் கண்டித்திருக்கிறார். பூசைக்கு வருகிறவர்கள் பேராலயத்தின் படியேறியதும் உள்ளே போகாமல் திரும்பி நின்று, உதிக்கிற சூரியனுக்குத் தலைவணங்கிவிட்டுப் போகிறார்களாம். கிறிஸ்தவர்கள்! கிறிஸ்மஸ் பூசைக்கு வந்தவர்கள்! அவர் கண்டித்தார், அவ்வளவுதான். யாரையும் படியிலிருந்து இறக்கிவிட்டதாக அந்தப் புத்தகத்தில் இல்லை. நான் அக்காவை நினைத்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் மிச்சமும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. குடில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஒரு துறவி நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டியதிலிருந்து பரவியது. மரம் ஜெர்மானிய ஊர்களிலிருந்து வந்தது. நாங்கள் வாசலில் கட்டுகிற நட்சத்திரத்தின் மூதாதை, ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வடிவக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் பேப்பரில் செய்தது. இதைப் படித்தபோது மட்டும் சிரிப்பு வந்தது. கணக்கு டீச்சரான அக்காவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவள் டீச்சராகவில்லை என்பது அடுத்த நிமிடம் ஞாபகம் வந்தது. கிறிஸ்மஸ் தாத்தாவின் கதைதான் என்னை இன்னும் அதிகமாகக் குத்தியது. இப்போதைய துருக்கியில் இருந்த ஓர் ஆயர், அதாவது பிஷப், அவர். கல்யாணம் ஆக வழியில்லாமல் இருந்த மூன்று பெண்களுக்கு, யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொற்காசு போட்டு உதவி செய்தார் என்பதுதான் அவருடைய பழைய கதை.

நான் ஏமாற்றப்பட்டுவிட்டதாக உணர்ந்தேன். யார் ஏமாற்றியது என்று சொல்லத் தெரியவில்லை. சபை என்று முதலில் நினைத்தேன். பாவம் அப்பா, அவருக்கும் இதெல்லாம் தெரியாதே, அவரையும் சேர்த்துத்தானே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்காக வருத்தப்பட்டேன். அவரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

அது டிசம்பர் முதல் ஞாயிறு. அப்பா கூடத்தில் சாக்கை விரித்துக் குடிலுக்கு மலை செய்துகொண்டிருந்தார். தமிழில் ஏதாவது பழைய புத்தகம் இருந்தால் கட்டுரைக்கு உதவும் என்று அம்மாவிடம் கேட்டேன். "பரண்ல உங்கப்பாவோட ட்ரங்குப் பெட்டி இருக்குது பாரு, கல்யாணத்துக்கு முன்னாடி படிச்சதெல்லாம் அதுலதான் கெடக்கு" என்றாள்.

பெட்டியில் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. அப்பா இளைஞராக இருந்தபோது உபதேசியார் பயிற்சிக்குப் போயிருக்கிறார். அந்த வகுப்புக் குறிப்புகள். அவருடைய கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தலைப்புக்கும் அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டிருந்தார். கிறிஸ்து பிறப்பு விழா என்ற தலைப்புக்குக் கீழே வரிசையாக எழுதியிருந்தது: தேதி விவிலியத்தில் இல்லை. ரோமையரின் சூரிய விழா. திருச்சபை அதை அழிக்கவில்லை, கிறிஸ்துவே மெய்யான சூரியன் என்று பொருள் மாற்றி ஏற்றுக்கொண்டது. அதற்கும் கீழே, ஓரத்தில், மையை மாற்றி: நம் மக்களின் பொங்கலையும் இவ்வாறே நன்றித் திருநாளாக ஏற்கலாம்.

நான் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"அப்பா, இது உங்களுக்குத் தெரியுமா?"

நிமிர்ந்து பார்த்தார். நோட்டை அடையாளம் கண்டுகொண்டார். "தெரியும். இன்னா இப்ப?"

"சூரியன் விழா, பொங்கல், எல்லாம் தெரியுமா?"

"பயிற்சியில சொல்லிக்குடுத்தாங்க. அதெல்லாம் சின்னப் புள்ளைங்ககிட்ட சொன்னா கொழம்பும். அதனால சொல்றதில்ல."

"அன்னைக்கு அவுங்க வந்தப்ப நம்ம வீட்டுல சின்னப் புள்ள யாரும் இல்லியேப்பா."

அவர் மறுபடியும் களிமண்ணில் கை வைத்தார். நான் விடவில்லை. தெரிந்தே ஏன் சூரியனைச் சொன்னீர்கள், தெரிந்தே ஏன் அக்காவைத் தடுத்தீர்கள், கோயிலில் நீங்களே பானை வைத்துக் கிளறவில்லையா என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்தாள்.

"இன்னாடி, சும்மா சூரியன் சூரியன்ற? அவுங்க எந்தத் தெருவுன்னு விசாரிச்சுட்டுத்தான் உங்கப்பா அப்படிச் சொன்னாரு. நேரா அதச் சொன்னா வந்தவங்க மனசு நோவாதா? ஞான உபதேசம் எடுக்குற மனுசன் வாயால சாதியச் சொல்ல முடியுமா? அதான் சாமி பேரச் சொல்லி நாசூக்கா அனுப்பினாரு. இது உனக்கு இவ்ளோ நாளா தெரியாதா?"

தெரியாது. அந்தப் பேப்பர் கப் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான்தான் கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தேன்.

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. மலையின் ஒரு பக்கத்தை விரலால் தடவி வழவழப்பாக்கிக்கொண்டே இருந்தார். முகாமில் ஒரே அண்டாவிலிருந்து சாப்பிட்டவர் இவர்தானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "சோறு வேற, பொண்ணு வேற பாப்பா" என்று அவரே கடைசியில் சொன்னார். நான் எதை வாய்விட்டுக் கேட்கவில்லையோ அதற்குப் பதில் சொன்னார். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறையோடு சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொன்ன பொய்க்காகக்கூட அவர் வெட்கப்படவில்லை.

அன்றைக்குச் சாப்பிடாமலே சிதம்பரம் பஸ் ஏறினேன்.

கருத்தரங்கில் கட்டுரையை ஒழுங்காகவே படித்தேன். இரண்டு கட்சியின் வாதங்களையும் வைத்தேன். பேராலயப் படிக்கட்டுப் பகுதி வந்தபோது அழுதுவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து படித்த ஒருத்தி எழுந்து, "இவ்ளோ தெரிஞ்சப்புறமும் நீங்க கிறிஸ்மஸ் கொண்டாடுவீங்களா?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன். வெளியே வந்ததும் பேராசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பண்டிகை எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சதுக்கா இப்படி அழுதுட்ட?" என்றார். இல்லை மேடம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருடக் கிறிஸ்மஸ் காலைப் பூசையில் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் பிரசங்கம் வைத்தார். நான் கைகட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றிருந்தேன். "இன்னைக்குத்தான் இயேசு பொறந்தாருன்னு யாருக்கும் தெரியாது" என்று ஆரம்பித்தார். ரோமையர், சூரிய விழா, குளிர்காலம் என்று மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னார். தேதி முக்கியமில்லை, இருளில் வந்த ஒளிதான் முக்கியம் என்று முடித்தார். கோயிலில் ஒரு சலசலப்பும் இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்மணி கொட்டாவி விட்டுவிட்டுக் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். முதல் வரிசையில் அப்பா, எல்லாம் தெரிந்தவர் போல, ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சபை எதையும் என்னிடமிருந்து மறைக்கவில்லை. கேட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். மறைத்தது எங்கள் வீடு. அதற்கு ஆள்காட்டியாக இருந்தது நான்.

அன்று மத்தியானம் அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவள் கணவர், மாமா, கீழே அப்பாவோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் குழந்தையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் போய் நோட்டில் இருந்ததைச் சொன்னேன். அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"சாதிதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி" என்றாள். துணியை உதறிக்கொண்டே சொன்னாள். "வந்தவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நம்ம வீட்டு வாசல்ல எறங்கிப் போறப்பவே அந்தம்மா மொகத்தப் பார்த்தேன். உனக்கு மட்டுந்தான் தெரியல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "அக்கா, அந்த செவ்வாக்கெழம அப்பாகிட்டப் போய்ச் சொன்னது நான்தான்."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"நீயா?"

"நீ சூரியனக் கும்புடுவியேன்னு..."

"நான் அவருன்னு நெனச்சேன்டி." கையிலிருந்த துணியைத் திரும்ப வாளியில் போட்டாள். "அவரு பயந்துபோயி அவரே அப்பாவுக்கு ஆள் விட்டுச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். மூணு வருஷமா மனசுக்குள்ள அவரத் திட்டிக்கிட்டு இருக்கேன். அத நம்பித்தான் நான் இவருக்குக் கழுத்த நீட்டுனேன். தெரியுமா உனக்கு?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டாள். பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மாமாவைக் கிளப்பிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. நான் போன் செய்தால் மாமா எடுத்து, "அக்கா வேலையா இருக்காம்மா" என்பார். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. நான் படிப்பை முடித்துச் சிதம்பரத்திலேயே ஒரு பள்ளியில் சேர்ந்தேன். கடலூருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனாலும் அப்பாவும் நானும் சாப்பாட்டைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசுவோம். அம்மா, "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ வைராக்கியம் ஆவாது" என்பாள்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது நான் விடுமுறைக்கு வீட்டில் இருந்தேன். கடலூரே கவிழ்ந்து கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. இரண்டாம் நாள் பால் பவுடர், மெழுகுவத்தி, ரொட்டி எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று அப்பா சட்டையை மாட்டினார். வேண்டாம் என்றேன். பாதி தூரம் பஸ், மீதி நடை. வழி முழுக்க மின்கம்பங்கள் மடங்கிக் கிடந்தன. சாலையில் விழுந்த மரங்களை ஊர்க்காரர்களே அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"கழட்டாத. உள்ள பூரா கண்ணாடி" என்றாள்.

சாயங்காலம் வரை இருவரும் சேர்ந்து அள்ளினோம், பெருக்கினோம், நனைந்த பாயைத் தூக்கி மதிலில் போட்டோம். "அந்த முக்குல புடி", "தண்ணி இங்க ஊத்து" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. நான் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "அவரு அன்னைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நாள் பூரா நின்னாராம். யாரோ சொன்னாங்க. நான் வேணுமின்னு வரலேன்னு நெனச்சிருப்பாரு. நீ சிதம்பரத்துலதான இருக்க. போய்ச் சொல்லு. நீதான் சொல்லணும்."

பிப்ரவரியில் அவர் வேலை செய்யும் பள்ளிக்குப் போனேன். கூட்டல் குறியும் கோணங்களும் வரைந்த சுவருக்குப் பக்கத்தில், வராந்தாவில் நின்று நடந்ததை எல்லாம் சொன்னேன். அவருக்கு முன்தலையில் முடி கொட்டியிருந்தது. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "பொங்கலக் காரணமாச் சொன்னப்பவே எங்கம்மாவுக்குப் புரிஞ்சிருச்சுங்க. திரும்பி பஸ்ல வர்றப்பவே எங்கப்பாகிட்ட சொல்லிட்டாங்க" என்றார். மணி அடித்தது. போகத் திரும்பியவர் நின்று, "உங்க அக்கா வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ரொம்ப நல்லா எடுப்பாங்க. பிராக்டிஸ் கிளாஸ்ல எங்க எல்லாரையும் விட அவுங்கதான் நல்லா எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனார்.

இதை அப்படியே அக்காவிடம் போனில் சொன்னேன். "சரி, குக்கர் விசில் அடிக்குது, வெச்சிடறேன்" என்றாள்.

ஜூனில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டாள். பீரோவுக்குள் போன சான்றிதழ்களுக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தில் நகல் வாங்கிக் கொடுத்தது நான். சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் அப்பாவுக்கு யார் மூலமோ தெரிந்திருக்கிறது. எனக்குப் போன் செய்தார்.

"அக்கா வேலைக்குப் போறாளாமே. உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும்பா."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

"ஆமாம்பா" என்றேன். அவர் சிதம்பரத்தில் மழையா என்று கேட்டார்.